செங்கமலம் இறங்கிய அடுக்கு

எங்கள் ஊரில் எரிக்கப்பட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணுக்குள் இறங்கிவிடுவார்கள். எலும்பு பொறுக்க விடியுமுன்பே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் கல்லாகிவிடுவார்கள். கல்லானால் பழைய எலும்பு தோண்டும் சர்க்கார் துறை எடுத்துக்கொள்ளும்.

என் மனைவி செங்கமலத்துக்குத் தாமதமாகிவிட்டது. பால் தெளிக்காமல் எலும்பைத் தொடக் கூடாது என்று அவள் தம்பி கலியமூர்த்தி பிடிவாதம் பிடித்தான். கட்டையில் போகிற பால்காரன் வெயில் வந்த பிறகுதான் வந்தான். கேட்டால், மாடு எழுந்திருக்கவில்லையாம்.

செங்கமலத்துக்குத் தனியாகப் படுக்கப் பயம். நான் வெளியூர் போனால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வாள். எலும்பைக் கொள்ளிடத்தில் கரைத்துவிட்டால் போதும், அங்கே ஊர் சனமே இருக்கிறது, கூட்டத்தோடு சேர்ந்துவிடுவாள். சுடுகாட்டில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வந்ததே எனக்குப் பொறுக்கவில்லை.

சிதை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. நாலு பனைமர ஆழம். சுவரில் பட்டை பட்டையாக நிறங்கள். துறைக்காரர்கள் அதற்குள் படி வெட்டி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றோரம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். துறை அதிகாரி. பெயர் எஸ்தர் என்றாள்.

"எலும்பு பொறுக்க வந்தோம்மா," என்றேன்.

"லேட்டா வந்திருக்கீங்க."

"அது என் சம்சாரம்."

"எப்ப தவறுனாங்க?"

"நேத்து."

அவள் கை கழுவிக்கொண்டாள். "எட்டுக் கோடி வருஷம் ஆச்சுங்கய்யா."

கலியமூர்த்திக்குக் கோபம் வந்தது. "முந்தாநாளுதான் எங்க அக்கா எனக்குச் சோறு போட்டுச்சு."

"போட்டிருப்பாங்க. எட்டுக் கோடி வருஷத்துக்கு முந்தி."

கலியமூர்த்தி யோசித்தான். "அதான் இப்புடிப் பசிக்குதா," என்றான்.

எஸ்தர் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "கழுத்து நீளமா இருக்கு. கைக்குப் பதிலா துடுப்பு. கடல்ல வாழ்ந்தவங்க."

"அவளுக்கு நீச்சலே தெரியாதும்மா. குளத்துலகூடப் படியில உக்காந்து செம்புல மொண்டுதான் குளிப்பா."

"அப்ப இங்க எல்லாம் கடலுங்கய்யா. கத்துக்கிட்டிருப்பாங்க."

நான் இல்லாமல் நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறாள். எத்தனை பயந்தாளோ. யார் கையைப் பிடித்துக்கொண்டாளோ.

"இடது மணிக்கட்டைப் பாக்கச் சொல்லுங்க," என்றேன். "பம்புசெட்டுல வழுக்கி விழுந்து ஒடஞ்சது. கோணலாக் கூடியிருக்கும்."

எஸ்தர் பள்ளத்துக்குள் குரல் கொடுத்தாள். நெடுநேரம் கழித்துக் கீழேயிருந்து பதில் வந்தது.

"இடது துடுப்பு கோணல், மேடம்."

கலியமூர்த்தி பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதான். எஸ்தர் மரியாதைக்கு எழுந்து நின்றாள். "உங்க சம்சாரந்தான். நான் இல்லங்கல. ஆனா தூக்க முடியாது. தூக்குனா பொடியாயிடுவாங்க."

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"எதுக்குங்க?"

"தொணைக்கு."

அவள் உண்மையாகவே யோசித்தாள். "ரெண்டு நத்தை இருக்கு. ஒரு மீன் பல்லு இருக்கு. மத்தபடி அந்த அடுக்குல இவங்க மட்டுந்தான்."

"நான் செத்தா அங்கதான வருவேன்?"

"நீங்க வேற அடுக்குங்கய்யா." செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். அடியில் கொஞ்சம் புழுதி ஒட்டியிருந்தது. "இன்னைய அடுக்கு இதுதான். உங்களுக்கு இதுலதான் எடம்."

அப்படியானால் செத்துப் பிரயோசனம் இல்லை. உயிரோடுதான் இறங்க வேண்டும். நான் கயிற்றைத் தூக்கி அடியில் நுழைந்தேன். எஸ்தர் தடுக்கவில்லை. மிச்ச இட்லியைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

"மாமா, கீழ கடலு," என்றான் கலியமூர்த்தி.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னடா."

படிகள் நீண்டுகொண்டே போயின. மஞ்சள் மண் முடிந்து சிவப்பு வந்தது. சிவப்பு முடிந்து சாம்பல் நிறம் வந்தது. மேலேயிருந்து கலியமூர்த்தி ஏதோ கேட்டான். நிமிர்ந்து பார்த்தேன். அவன் தலை நரைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டுப் பார்த்தேன். அவனைக் காணோம். நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

துடைப்பமும் கையுமாக எதிரே ஏறி வந்த வேலையாள் எனக்கு வழி விட்டு ஒதுங்கினான். "பாத்துப் போங்க, ஈரம்," என்றான்.

கடல் அடுக்கு வெள்ளையாக, சில்லென்று இருந்தது. தண்ணீர் போய்விட்டிருந்தது. செங்கமலம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வீட்டு நீளம் இருந்தாள். கழுத்தை வளைத்து, எப்போதும் போலச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். நத்தைகள் காலடியில் கிடந்தன. அவை துணைக்கு ஆகாது.

நான் இட்லிப் பொட்டலத்தை ஓரமாக வைத்தேன். சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில் ஆள் படுக்க இடம் இல்லை. முதுகை ஒட்டிக் கல் ஏறியிருந்தது. கையால் தட்டினேன். நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம் வெள்ளைப் பொடி மட்டும் வந்தது.

"செங்கமலம், நான்தான். செத்தத் தள்ளிப் படு," என்றேன்.

வீட்டில் இதை ஒரு தடவை சொன்னால் போதும். முழிக்காமலே தள்ளிக்கொள்வாள்.

மறுபடியும் சொன்னேன்.