ஆள் உள்ளே

அத்தை டப்பாவைக் காதோரம் வைத்து இன்னொரு முறை குலுக்கினாள்.

"உள்ள என்னமோ இருக்கு. ஆனா சிகரெட் சத்தம் மாதிரி இல்லையே."

"சிகரெட்டுக்குன்னு தனிச் சத்தமா அத்தை?" என்றாள் மகள்.

"இருக்குடி. மெத்துனு விழணும். இது சீட்டுக்கட்டு மாதிரி தட்டுது."

கூடத்தின் நடுவில் அப்பா படுத்திருந்தார். விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வரும். அம்மா தேய்த்து வைத்திருந்த வெளிர்நீல வேலைச் சட்டையைத்தான் போட்டுவிட்டிருந்தார்கள். அந்தச் சட்டையின் பைதான் இப்போது வம்பு. நாற்பது வருஷம் சிகரெட் பாக்கெட் வைத்திருந்த பை, அதை வெறுமனே வைத்துத் தம்பியை அனுப்பக் கூடாது என்று அத்தை காலையிலிருந்து ஒற்றைக் காலில் நின்றாள்.

"அதைத்தான் பதினோரு வருஷம் முன்னாடியே விட்டுட்டாரே."

"விட்டு என்னத்தைக் கண்டான்? விட்டும் நுரையீரல்லதானே போச்சு. இனிமே கெட என்ன இருக்கு? ஒண்ணே ஒண்ணு பையில வச்சு அனுப்பினா வானம் இடிஞ்சு விழுந்துடாது."

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அது அவள் தொழில். நெஞ்சு மருத்துவமனையில் மூச்சுப் பரிசோதனை செய்பவள். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "இழுங்க, நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, இன்னும், விடாதீங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிறவள். அப்பாவையும் அப்படி ஊத வைத்திருக்கிறாள். முதல் தடவை இருக்க வேண்டியதில் பாதிகூட வரவில்லை. கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனால் சிகரெட்டை விட்டால் கெடுகிற வேகம் குறையும் என்று டாக்டர் அன்று சொன்னார். குறைந்தது. அந்தக் குறைந்த வேகத்தில்தான் அப்பா பேத்திக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார், பின்னால் ஓட முடியாமல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயாலேயே. இதையெல்லாம் அத்தைக்கு எப்படி எண்ணில் சொல்வது என்று யோசித்து, மகள் சும்மா இருந்துவிட்டாள்.

சும்மா இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அத்தை தேடுகிற இரண்டு பொருளும் அவள் கைப்பையிலேயே இருந்தன. ஒன்று அந்த டப்பாவின் சாவி. அப்பா அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருட்களோடு வந்தது. இன்னொன்று ஒரு பாக்கெட் சிகரெட், ஏழு பாக்கி.

மருத்துவமனையின் பின்படிக்கட்டில் ஒரு நாளைக்கு மூன்று. அப்புறம் புதினா மிட்டாய், கையில் சோப்பு. தன்னிடம் ஊத வருகிறவர்களிடம், "ஒரு தடவைல முடியலைன்னா விட்டுடாதீங்க. நிறைய பேருக்கு நாலஞ்சு தடவை ஆகும். தோள்ல ஒட்டிக்கிற நிகோடின் பட்டை இருக்கு, மெல்லுறதுக்கு கம் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். தானும் மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் தோற்றபோது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: நான் அப்பா மாதிரி இல்லை. அப்பா ஒரே நாளில் விட்டவர். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது.

கதை இதுதான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன், மேலே மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'ஆள் உள்ளே. இயக்காதே' என்று அச்சடித்திருக்கும். கீழே பெயர், தேதி, நேரம். பூட்டியவர் யாரோ அவர்தான் திறக்கலாம். முதலாளியே வந்து நின்றாலும் முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் சிகரெட் பாக்கெட்டை ஒரு தகர டப்பாவில் போட்டார், பூட்டினார், சிவப்பு அட்டையை மாட்டினார், வாசல் கதவுப் பக்கம் ஆணியில் தொங்கவிட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சுது" என்றார். அதோடு முடிந்தது.

ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிய மனிதர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கடைசி நாலு வருஷம் ஒவ்வொரு மாடியிலும் ஒரு நாற்காலியை அம்மா போட்டு வைத்திருந்தாள், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற. இன்று துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் அந்த நாற்காலிகளில்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவராக வந்து சேர்ந்தார் நெட்டை மாமா. அப்பாவோடு இருபத்தாறு வருஷம் ஒரே குழிகளில் இறங்கியவர். ஆறடிக்கு மேல், எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைவார். இன்றும் தோளில் கருவிப் பை. நேராக அப்பாவிடம் போய் நின்றார். அழுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் அழவில்லை.

"வாப்பா," என்றாள் அத்தை. "நல்ல நேரத்துல வந்தே. பையில ஒரு ஆக்சா பிளேடு இருந்தா எடு. இந்தப் பூட்டை அறுக்கணும்."

நெட்டை மாமா டப்பாவை வாங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அறுக்கக் கூடாதுக்கா."

"அவன்தான் இல்லையே. யாரு வந்து திறக்கிறது?"

"அதுக்கும் விதி இருக்கு. பூட்டினவர் வர முடியலைன்னா, கூட வேலை பார்த்தவன் போய், ஆள் குழிக்குள்ள இல்லைன்னு கண்ணால பார்க்கணும். பார்த்தப்புறம் அவன் திறக்கலாம்." திரும்பவும் அப்பாவைப் பார்த்தார். "பார்த்தாச்சு. அண்ணன் வெளியே வந்தாச்சு." குரல் அப்போதுதான் உடைந்தது.

மகள் பையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அத்தை அவளை முறைத்த முறைப்பு ஒரு தனிக் கதை.

பூட்டு லேசில் திறக்கவில்லை. நெட்டை மாமா சாவியை எண்ணெயில் நனைத்து, இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் அசைத்தார். கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். துக்க வீடு என்பதையே ஒரு நிமிஷம் மறந்த மாதிரி இருந்தது.

உள்ளே ஒரு பாக்கெட் இருந்தது. அத்தை ஒரு சிகரெட்டை உருவினாள். அது காய்ந்து உடைந்து, தூள் அவள் மடியில் கொட்டியது. "அட போடா," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, படியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனாள். யாரும் கூப்பிடவில்லை.

பாக்கெட்டுக்கு அடியில்தான் சீட்டுக்கட்டுச் சத்தத்தின் காரணம் இருந்தது. நாலு சிவப்பு அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு.

மகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து. முதல் அட்டையில் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையின் தேதி. பின்பக்கம், பூட்டை எடுத்த தேதியும் காரணமும் எழுத இடம் இருக்கும். எடுத்தது: நாலாம் நாள். காரணம்: 'லிஃப்ட்டில் மாட்டியவர் இரண்டு மணி நேரம் திட்டினார்.'

இரண்டாவது இருபத்து மூன்று நாள் தாங்கியிருந்தது. காரணம்: 'மழை.'

மூன்றாவது ஐந்து மாதம். 'நன்றாக இருந்தேன். ஒன்றுதானே என்று நினைத்தேன்.'

நாலாவது ஒன்றரை வருஷத்துக்கு மேல். 'காரணம் இல்லை.'

"மாமா, இது என்ன?"

"விழுந்து எழுந்ததும்மா," என்றார் நெட்டை மாமா. "ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, புது அட்டை வாங்கி, என் முன்னாடிதான் எழுதுவார். இப்ப டப்பாவுக்கு வெளியில தொங்குது பாரு, அது அஞ்சாவது. அதுதான் நின்னுது. எட்டு வருஷத்துக்கு மேல."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"மொதல் நாளே வீட்டுல முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாராம். நாலாம் நாளே மறுபடி ஆரம்பிச்சுட்டேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு கேட்டார். நீ வேற எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு பொய்க் கதையை வைத்துத் தன்னை இத்தனை நாள் அளந்திருக்கிறோமே என்ற கோபம். மழை என்று எழுதியிருந்ததைத் திரும்பப் படித்தாள். அவளுடைய இரண்டாவது தோல்வியும் ஒரு மழை நாளில்தான். பின்படிக்கட்டில் நின்று, வெளியே போக முடியாமல், வேறு ஒரு காரணமும் இல்லாமல். செத்துக் கிடக்கிற அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அப்பா போன பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "வாரா வாரம் தூசி தட்டுறவளுக்கு அட்டையில தேதி மாறினது தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கலை?"

"கேட்டிருந்தா திரும்ப மாட்டியிருப்பாரா?" என்றாள் அம்மா.

நெட்டை மாமா அஞ்சாவது அட்டையைக் கழற்றினார். கருவிப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தரையில் குந்தி, பின்பக்கம் தேதி போட்டார். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. 'வேலை முடிந்தது' என்று எழுதி, தன் கையெழுத்தும் போட்டு, அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். பை நிரம்பிவிட்டது. அம்மா அதைத் தட்டிச் சமமாக்கினாள்.

மகள் பழைய பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு, காலி டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுக்குக் காலையிலிருந்து ஒன்று பிடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. இப்போதும் இருந்தது. வண்டி போனபின் இன்னும் அதிகமாக இருக்கும் என்று தெரியும். கைப்பையை மடியில் வைத்து, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், தன் பாக்கெட்டை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். நாலு பழைய அட்டைகளையும் அதன் மேல் வைத்தாள்.

நெட்டை மாமா பார்த்தார். புருவம்கூட உயரவில்லை.

"மாமா, உங்ககிட்ட புது அட்டை இருக்கா?"

"இல்லாம இருக்குமா?" பையின் பக்கவாட்டிலிருந்து ஒன்றை உருவினார். "பேரை நீயேதான் எழுதணும். வேற ஆள் எழுதினா செல்லாது."

எழுதினாள். தேதி. நேரம் ஒன்று ஐம்பது.

"இது எத்தனாவது?" என்று கேட்டார், பூட்டை அவள் கையில் கொடுத்துக்கொண்டே.

"நாலாவது."

"ம். அண்ணனுக்கு அஞ்சு ஆச்சு," என்றார். "பட்டை, கம் எதுவும் வாங்கிக்கிட்டியா?"

"எங்க ஆஸ்பத்திரியிலயே கொடுப்பாங்க மாமா. நாளைக்கு டாக்டர்கிட்ட கேக்கணும்." சொல்லும்போது வெட்கமாக இருந்தது. தினமும் மற்றவர்களைக் கேட்கச் சொல்கிற அதே டாக்டர்.

அம்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மகள் டப்பாவைப் பூட்டி, கதவுப் பக்கம் பழைய ஆணியிலேயே மாட்டினாள். சாவியைக் கைப்பையில், பாக்கெட் இருந்த அறையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. நாலு பேர் அப்பாவை வைத்த பெட்டியைத் தூக்கினார்கள். கீழே மாடிக்கு மாடி நாற்காலிகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கும் சத்தம் கேட்டது. வாசல் குறுகல். முன்னால் போன இருவர் நுழைந்துவிட்டார்கள். பின்னால் வந்தவரின் தோள் டப்பாவில் இடித்தது. பூட்டு தகரத்தில் மோதியது.

"யாராவது இதை இறக்குங்கப்பா, இடிக்குது," என்று அவர் சொல்ல, அத்தை எட்டிக் கை நீட்டினாள்.

"தொடாதீங்கண்ணி," என்றாள் அம்மா.

காலையிலிருந்து யாரிடமும் குரல் உயர்த்தாதவள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது அங்கேயே இருக்கட்டும். ஆள் உள்ள இருக்கு."

அத்தை ஒன்றும் புரியாமல் கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் இருந்தவர் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். நெட்டை மாமா வழக்கம்போலக் குனிந்து, ஒரு கையால் டப்பாவைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, அப்பா அதை உரசாமல் வெளியே போனார்.