மாதிரி அறை

வந்திருந்தவர்கள்:

கழிவுநீர் அலுவலகத்தின் ஆய்வாளர். முழங்கால் வலிக்காரர். சலவை ஆலையில் எல்லோருக்கும் அவர் முட்டி சார்.

அதே அலுவலகத்தின் பாராட்டுப் பிரிவு அதிகாரியம்மா, மடியில் ஒரு பித்தளைக் கேடயத்தோடு.

ஆலை முதலாளி.

முதலாளி மனைவியின் தங்கை. ஆலையின் கழிவுநீர்த் தொட்டிகளைக் கவனிப்பவள். உரிமச் சீட்டில் ‘இயக்குநர்’ என்று அச்சடித்திருந்ததால், துணி மடிக்கும் பெண்கள் அவளை டைரக்டர் என்று கூப்பிட்டார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் ஒரு பாட்டில். போன மாதத்துத் தண்ணீர்.

பாட்டிலைத் தவிர மற்ற எல்லோருக்கும் டீ வந்தது.

வம்பே அந்தப் பாட்டிலால்தான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகிற ஆலை அது. துவைத்து விடுகிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், சோடாக் காரம் கையை அரிக்கும், நூலும் பஞ்சும் மிதக்கும். அதை அப்படியே தெருச் சாக்கடையில் விடக் கூடாது. ஆலையின் சொந்தத் தொட்டிகளில் ஆறவைத்து, பஞ்சை வடிகட்டி, அமிலம் சொட்டவிட்டுக் காரத்தைக் குறைத்த பிறகுதான் விட வேண்டும். காரத்தைச் சொல்கிற எண் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இது விதி.

போன மாதம் முட்டி சார் வந்து பாட்டிலில் மாதிரி பிடித்துக்கொண்டு போனார். பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்தது: ‘எண் ஏழு. பஞ்சு இல்லை. நிறம் இல்லை. வாடை இல்லை. குடிக்கலாம்.’ கடைசி வார்த்தையை எழுதியவர் கிண்டலுக்கு எழுதினாரா, நிஜமாகவே குடித்துப் பார்த்தாரா என்பது தெரியவில்லை.

முடிவின் ஒரு நகல் பாராட்டுப் பிரிவுக்குப் போனது. அவர்கள் ஆலையை ‘மாதிரி நிறுவனம்’ என்று அறிவித்துக் கேடயம் செய்யக் கொடுத்தார்கள். இன்னொரு நகல் நோட்டீஸ் பிரிவுக்குப் போனது. சலவைத் தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்க வழியே இல்லை, நல்ல தண்ணீரைக் கலந்து ஏமாற்றியிருக்கிறீர்கள், உங்கள் சாக்கடை இணைப்பை ஏன் துண்டிக்கக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். இரண்டு கடிதத்தையும் ஒரே தபால்காரர் ஒரே நாளில் கொண்டுவந்து ஒரே கையெழுத்து வாங்கிப் போனார்.

“ஒரே தண்ணி சார்,” என்றார் முதலாளி. “நல்லா இருக்குன்னு கேடயம் குடுக்குறீங்க. நல்லா இருக்கேன்னு நோட்டீஸும் குடுக்குறீங்க. நான் எதுக்குப் பதில் சொல்றது?”

“ரெண்டுக்கும்தான்,” என்றார் முட்டி சார். “பிரிவு வேற வேற.”

“நோட்டீஸ் பிரிவுகூட நாங்க பேசுறதே இல்லைங்க,” என்றாள் அதிகாரியம்மா. “மாடி வேற.”

“ரெண்டு ஃபைல்லயும் ஒரே ஒரு கையெழுத்துதான் குறையுது. இயக்குநர் கையெழுத்து. அம்மா போட்டுட்டாங்கன்னா நான் நோட்டீஸை முடிச்சிடுவேன், இவங்க கேடயத்தைக் குடுத்துடுவாங்க. எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடப் போகலாம்,” என்றார் முட்டி சார்.

டைரக்டர் அவர் நீட்டிய படிவத்தைப் படித்தாள். வரி வரியாகப் படித்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் துணி மடிக்க வந்தவள் அவள். இயக்குநர் தேர்வை மூன்றாவது தடவையில்தான் தாண்டினாள். முதல் தடவை கோட்டைவிட்ட கேள்வி இந்தப் படிவத்தைப் பற்றியதுதான். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால் உரிமம் ரத்து, அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அந்த விடையை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த உரிமம் போனால் அவள் திரும்பவும் துணி மடிக்கிற மேசைக்குத்தான் போக வேண்டும்.

“மாதிரி எடுத்தப்போ நான் பக்கத்துல இருந்தேன்னு போட்டிருக்கு,” என்றாள். “அன்னைக்கு நான் பல்லு புடுங்கப் போயிருந்தேன்.”

“பல்லு புடுங்குனது யாருக்கும்மா தெரியப் போகுது?” என்றார் முதலாளி.

“டாக்டருக்கு.”

முட்டி சார் டீயை வைத்தார். “சரி, எதுக்குத் தகராறு? இன்னொரு மாதிரி எடுத்துடுவோம். இப்பவே. அந்த அறையிலயே. நீங்களும் பக்கத்துல நில்லுங்க.”

அந்த அறை வந்த கதை இப்படி. மாதிரி எடுக்கும் இடம் ஆய்வாளர் எளிதில் அணுகும்படி இருக்க வேண்டும் என்று ஒரு விதி. முட்டி சாருக்குக் குனிய வராது. சாக்கடைக் குழி தரைக்குக் கீழே இருக்கிறது. முதலாளி யோசித்துப் பார்த்து, ஆலையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை கட்டினார். சுவரெல்லாம் டைல்ஸ். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கை துடைக்க வெள்ளைத் துண்டு, நிற்கிற உயரத்தில் பளபளவென்று ஒரு குழாய். பிளம்பர் குழாயைக் கழிவுநீரில்தான் இணைக்கப் போனார். முதலாளி தடுத்துவிட்டார். “மனுஷன் வந்து நிக்கப் போற எடம்யா. அந்த நாத்தத்தை ஏன் உள்ள கொண்டுவர்றே?” என்றார். பரணில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, அதில் குடிதண்ணீரை நிரப்பி, அங்கிருந்து குழாய்க்கு இறக்கினார்கள். வாசலில் ‘மாதிரி அறை’ என்று பலகையும் மாட்டினார்கள். முட்டி சார் உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, குழாயைத் திறந்து, பாட்டிலை நிரப்பி, துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

முதலாளி அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“இங்க பாரும்மா. போன தடவை சுத்தம் கொஞ்சம் ஓவராப் போச்சு. இந்தத் தடவை நம்ம துவைச்ச தண்ணியையே ரெண்டு வாளி மேல் தொட்டியில கலந்துடுவோம். ரொம்ப அழுக்கும் வேணாம், ரொம்பச் சுத்தமும் வேணாம். நடுத்தரக் குடும்பம் மாதிரி இருக்கணும்.”

“அது குடிதண்ணிக் குழாய்னு அவருக்குத் தெரியாதா மாமா?”

“தெரியாத மாதிரி இருக்காரு. நாமளும் அவருக்குத் தெரியுங்கிறது தெரியாத மாதிரி இருந்துக்குவோம்.”

“அமிலம் விடுற பம்ப் ரிப்பேராகி அஞ்சு மாசம் ஆச்சு. அதை வாங்கிக் குடுத்திருந்தா இந்தக் கூத்தே வேணாமே.”

“வேலை நேரத்துல எதிர்த்துப் பேசாதே.”

“பாருங்க. பம்ப் கேட்டா முதலாளி ஆயிடுறீங்க. கையெழுத்து வேணும்னா மாமா ஆயிடுறீங்க.”

“உங்க அக்கா முகத்துக்காகவாவது போடும்மா.”

“அக்கா ஜெயிலுக்குச் சாப்பாடு கொண்டாந்து தருவாளா?”

“அதெல்லாம் ஆள் வச்சு அனுப்பிடலாம்,” என்றார் அவர், நிஜமாகவே யோசித்துவிட்டு.

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. அவளே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மாதிரி அறையைத் திறந்துவிட்டாள். அறை எப்போதும் பூட்டியிருக்க வேண்டும், சாவி இயக்குநரிடம்தான் இருக்க வேண்டும் என்பது பதினாலாவது விதி. முதலாளி இரண்டு கையிலும் வாளியோடு, சட்டைப்பையில் காரம் பார்க்கிற சோதனைத்தாள் புத்தகத்தோடு உள்ளே போனார். நாற்காலியைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டு ஏறினார்.

“ஏழரையில கொண்டுவந்து நிறுத்திடுறேன்,” என்றார். “ஏழுன்னா சந்தேகம் வரும். ஒன்பதுன்னா நமக்கே பயம் வரும். ரெடின்னு நான் குரல் குடுக்குற வரைக்கும் அவங்களைப் பேச்சுல பிடிச்சு வை. கதவை ஒருக்களிச்சுட்டுப் போ.”

அவள் ஒருக்களித்துவிட்டுப் போனாள். போகிற வழியில் தொட்டிக் கொட்டகையில் நுழைந்து, தினப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, முட்டி சாருக்கு முன்னால் விரித்து வைத்தாள்.

“என்னம்மா இது?”

“தினம் நான் எழுதுறது சார். மாசக் கடைசியில நீங்க கையெழுத்துப் போடுறது.”

அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் அதிகாரியம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாராட்டு விழாக்களில் பட்டியல் வாசித்துப் பழகிய குரல். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். “ஒன்றாம் தேதி. பம்ப் ஓடவில்லை. எண் பதினொன்று. இரண்டாம் தேதி. பம்ப் ஓடவில்லை. எண் பதினொன்று. மூன்றாம் தேதி...” பக்கத்தைப் புரட்டினாள். “பம்ப் ஓடவில்லை... பம்ப் ஓடவில்லை... கடைசியில, பச்சை மையில, ‘பார்வையிட்டேன். திருப்தி.’ சார், இது உங்க கையெழுத்துங்களா? அழகா இருக்கே.”

ஐந்து மாதம். ஐந்து திருப்தி.

“நான் கடைசி வரியை மட்டும்தாம்மா பாப்பேன்,” என்றார் முட்டி சார்.

“கடைசி வரியில உங்க கையெழுத்து மட்டும்தான் சார் இருக்கு.”

டைரக்டர் குரலை உயர்த்தவே இல்லை. “நான் பொய்க் கையெழுத்துப் போட்டா என் உரிமம் போகும் சார். அது தனியாப் போகாது. இந்த நோட்டும் கூடவே போகும்.”

முட்டி சார் நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: “நிஜக் குழி எங்க இருக்கு?”

“தெருவுல. உங்க ஜீப்புக்கு அடியில.”

“ஜீப்புக்கு அடியிலயா? அப்போ நான் இங்க வர்றப்பெல்லாம் வண்டிக்கு அடியில வர்ற ஆவி...” அவருக்கு மூச்சு வாங்கியது. “அடப்பாவிகளா, ரேடியேட்டர்னு நினைச்சு ரெண்டு மெக்கானிக்கை மாத்திட்டேனே!”

ஜீப்பை நகர்த்தினார்கள். கடப்பாரையால் இரும்பு மூடியை நெம்பியதும் ஆவி குப்பென்று கிளம்பியது. மூடி திரும்ப விழாமல் இருக்க முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. அதிகாரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு கையிலிருந்த கேடயத்தைக் கொடுத்தாள். ‘மாதிரி நிறுவனம்’ என்ற எழுத்து மூடிக்கடியில் அமுங்கி நெளிந்தது.

முட்டி சார் மண்டியிட்டார். எந்த மருத்துவராலும் மடக்க முடியாத முழங்கால்கள் இரண்டும் அன்றைக்கு அழகாக மடங்கின. கயிற்றில் பாட்டிலைக் கட்டி அவரே இறக்கினார். வெப்பமானி அறுபதைத் தொட்டது. சோதனைத்தாள் கருநீலமாக மாறியது. பாட்டிலோடு பூனைவால் நீளத்துக்குப் பஞ்சுத்திரி ஒன்றும் மேலே வந்தது.

“இதுதாம்மா அந்தத் தண்ணியா? அப்போ அந்த அறை?”

“அது மாதிரி சார். இது சாக்கடை.”

ஜீப்பின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்து அவள் நிரப்பினாள். எடுத்த இடம்: தெருக்குழி. எண்: பதினொன்று. காரணம்: அமிலப் பம்ப் ஐந்து மாதமாக ஓடவில்லை. கீழே தன் பெயரை முதலெழுத்தோடு முழுசாக எழுதினாள்.

முட்டி சார் எட்டிப் பார்த்தார். “இதுல நான் எங்கம்மா வர்றேன்?”

“மாதிரி எடுத்தவர்னு ஒரு கட்டம் இருக்கு சார்.”

“நானே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும்ல?”

“மாதிரி இருக்கும் சார்.”

அவருக்கு உயிர் வந்தது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். முப்பது நாளில் புதுப் பம்ப் மாட்ட வேண்டும், இல்லையென்றால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று நின்ற இடத்திலேயே நோட்டீஸ் எழுதினார். ஐந்து மாதத்தில் அவர் முழுசாக எழுதிய முதல் வாக்கியம் அது. பதிவேட்டை ஈரம் படாமல் வைத்திருக்கச் சொன்னார். அதை அவர் கொஞ்சம் கெஞ்சலாகத்தான் சொன்னார். அதிகாரியம்மா நெளிந்த கேடயத்தைத் திரும்ப வாங்கவில்லை. “கொடுக்கத்தான் படிவம் இருக்குங்க. திரும்ப வாங்க இல்லை,” என்றாள். ஜீப் ஆவி எதுவும் விடாமல் போய்ச் சேர்ந்தது.

டைரக்டர் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மாமா கத்துவார். அக்கா ஒரு வாரம் பேச மாட்டாள். வேலையை விட்டு மட்டும் தூக்க முடியாது. உரிமம் உள்ள இயக்குநர் இல்லாமல் ஆலை ஒருநாள்கூட ஓடக் கூடாது. அது பதினைந்தாவது விதி. இரண்டாவது தடவை கோட்டைவிட்ட கேள்வி.

மாதிரி அறைக் கதவு அவள் விட்ட மாதிரியே ஒருக்களித்திருந்தது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. வாளி மோதியது. பிறகு பரணிலிருந்து ஒரு கூச்சல், பரீட்சையில் பாஸான பிள்ளையின் சந்தோஷத்தோடு:

“ஏழரை! ஏழரை வந்திருச்சும்மா!”

“வந்துட்டுப் போயிடுச்சு மாமா,” என்றாள் அவள் வாய்க்குள்.

“என்னது? கேக்கல. அவங்களைக் கூட்டிட்டு வா சீக்கிரம், ஆறிடப் போகுது!”

விதி பதினாலு. அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.