இன்னொரு சுற்று

காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஐலாவின் கை, கறுப்பு ரொட்டித் தட்டருகே நின்றுவிட்டது. வெண்ணெய் இல்லை. வேண்டாமென்று சர்ச் சமையற்கட்டில் சொல்லிவைத்ததே அவள்தான். சுற்றிலும் மாட்டுப் பண்ணை உள்ள ஊரில், அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு வெண்ணெய் இல்லாத ரொட்டி! பழக்க தோஷம், வேறென்ன.

பதினோரு வருடப் பழக்கம். அம்மா கடைசி நாட்களில், "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று ஐலாவையே கேட்டாள். அப்பாவையும் அப்படிப் பறிகொடுக்க மாட்டேன் என்று ஐலா அன்றே கங்கணம் கட்டிக்கொண்டாள். மறதி நோய் அண்டாமலிருக்க மருத்துவர் எழுதித் தந்த தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். மீன், கிண்ணம் நிறையக் காட்டு நீலப்பழம், தினமும் ஏரியைச் சுற்றி நடை, வியாழக்கிழமை நடனக் கூடம். வெண்ணெய் வீட்டுப் படியேறக் கூடாது. அப்பா தௌனோ முணுமுணுத்தபடியே எல்லாம் செய்தார். தொண்ணூற்றொரு வயதில், "ஐலா, காலுறை போட்டுக்கோ, தரை சில்லுனு இருக்கு" என்றதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

மகள் பேரை அவர் மறக்கவில்லை. ஆனால் வாய்க்கு ருசியாக ஒரு வாய் தின்னவிடவில்லையே என்பது, அவர் இறந்து அடக்க நாளுக்குக் காத்திருந்த இந்த மூன்று வாரமாக அவளை அரித்தது.

பக்கத்து வீட்டு ரெய்னோ வந்தார். வயது எண்பத்தெட்டு, அப்பாவின் நடைத் துணை. தௌனோ தன் வீட்டில் விட்டுவைத்திருந்த, இரு கையிலும் ஊன்றி வேகமாக நடக்கும் நடைக்கோல்களையும் கொண்டுவந்திருந்தார். ஐலா கேட்டேவிட்டாள்.

"மாமா, அப்பா என்னைத் திட்டினாரா?"

ரெய்னோ ரொட்டித் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "வியாழக்கிழமை டான்ஸ் முடிஞ்சா உங்கப்பன் எங்க வீட்லதான். ரொட்டியில விரல் தடிமன் வெண்ணெய். தின்னு முடிச்சதும், 'எம்பொண்ணு பாடுபடுறா, அவளுக்குத் துரோகம் பண்ணக் கூடாது, எந்திரிடா'ன்னு ஏரியை இன்னொரு சுத்து இழுத்துட்டுப் போவான். பொண்டாட்டி போனப்புறம் நான் முடங்கிக் கிடக்காம இருந்தேன்னா அதனாலதான். நீ நல்லா இருக்கணும்மா."

"திருட்டு மனுஷன்," என்றாள் ஐலா. கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக வயிறு குளிர்ந்தது.

சமையற்கட்டுக்குப் போய் வெண்ணெய் வாங்கிவந்தாள். இரண்டு ரொட்டியில் விரல் தடிமனுக்குத் தடவி, ஒன்றை ரெய்னோவிடம் கொடுத்தாள். மற்றதை நின்றபடியே தின்றாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு ரெய்னோ வாசலில் காத்திருந்தார். ஐலா அப்பாவின் கோல்களை எடுத்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அவை ஒரு சாண் அதிகம். திருகி இறக்கலாம். அவள் இறக்கவில்லை. இருவரும் ஏரிப் பக்கம் நடந்தார்கள்.