சீருடைக்குள் ஒரு கவுன்

கவுனின் கடைசிப் பொத்தானுக்கு நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது தங்கை பள்ளியிலிருந்து கொண்டுவந்த சீட்டை நீட்டினாள். மறுநாள் அவளுடைய மூன்றாம் வகுப்பில் விடுமுறைக் கொண்டாட்டம். எல்லோரும் சீருடையில்தான் வரவேண்டும், பரிசோ மிட்டாயோ வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது, எந்தக் குழந்தையும் மனம் வாடக் கூடாது என்று டீச்சர் கைப்பட எழுதியிருந்தார். அம்மாவுக்கு வாசிக்க வராது, அதனால் நான்தான் உரக்க வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே என் குரல் இறங்கிவிட்டது.

அம்மா ஊருக்கெல்லாம் துணி தைப்பவள். வெட்டி மிஞ்சும் துண்டுகளை யாரும் திரும்பக் கேட்பதில்லை. இந்தக் கொண்டாட்டத்துக்கென்றே இரண்டு மாதமாக அவற்றைச் சேர்த்துவைத்து, அம்மா மிஷினில் ஓட்ட, நான் ஓரம் மடிக்க, பதினொரு விதத் துணியில் ஒரு கவுன் உருவாகியிருந்தது. மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை, அதற்குக் கீழே சிவப்புப் புள்ளி, இடுப்பில் யாருடைய திரைச்சீலையோ. தங்கை பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல், "இன்னைக்கு எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்று கேட்பாள், ஏதோ செடி வைத்ததுபோல.

"நம்மள மாதிரி வீட்டுப் பிள்ளைங்களுக்காகத்தான்டி டீச்சர் இப்படிச் சொல்லியிருக்காங்க. நல்ல மனசு அவங்களுக்கு," என்றாள் அம்மா.

"நமக்காகவா? அப்ப நான் ஏம்மா அழறேன்?" என்றாள் தங்கை.

அம்மா மிஷினைத் துடைக்கத் தொடங்கினாள்.

எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது, அதுதான் கஷ்டம். ஆறாம் வகுப்பில் இப்படியொரு நாளில் நான் மட்டும் சீருடையில் போயிருந்தேன். "உனக்கு மட்டும் இன்னைக்குப் பரீட்சையா?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பள்ளியை நிறுத்தியது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, அம்மாவின் முதுகுவலியால். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலச் சில சமயம் தோன்றும்.

மறுநாள் காலையில் வாண்டு அதிசயமாக அழவில்லை. தானே உடுத்திக்கொண்டு தயாராக நின்றாள். எங்கள் அறையில் வெளிச்சம் குறைவு. தெரு முனை திரும்பியதும் வெயில் அவள்மேல் விழுந்தது. வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து மஞ்சளும் பச்சையும் எட்டிப் பார்த்தன. பாவாடை குடைபோல விரிந்து நின்றது.

"உள்ள என்னடி?"

"பனியன்."

"பூப்போட்ட பனியனா?"

"அக்கா, யாருக்கும் தெரியாது. நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அதுதான் உனக்கு நல்லா வருமே!"

திரும்பிப் போக நேரமில்லை. வகுப்பு வாசலிலேயே டீச்சர் நின்றிருந்தார். எனக்கும் பாடம் எடுத்தவர்தான். "ஒரே நாள்ல குண்டாயிட்டியே, என்ன சாப்பிட்ட?" என்று குனிந்தவர், கழுத்துப்பட்டிக்குள் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வழக்கமாக நான் சுவரைப் பார்ப்பேன். அன்று எப்படியோ பேசிவிட்டேன். "மிஞ்சின துணியில தைச்சது டீச்சர். எல்லாருக்கும் காட்டணும்னு ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருந்தா."

"எனக்கு இது தோணவே இல்லையே," என்றார் டீச்சர் மெதுவாக. பிறகு வகுப்புக்குள் கண்காட்டினார். "அவளைப் பாரு. போன வருஷம் இதே நாள் அவ வரவே இல்ல. காய்ச்சல்னு சொன்னாங்க. காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னைக்குக் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறா."

முதல் பெஞ்சில் தங்கையின் சிநேகிதி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, கண்கள் மட்டும் பெரிதாக இருப்பதால் தட்டான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வெளுத்த சீருடை, தேய்த்து மடித்த காலுறை. பக்கத்து இடத்தில் யாரும் உட்காராதபடி அதன்மேல் கையை விரித்து வைத்திருந்தாள்.

டீச்சர் தங்கையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "உன் இஷ்டம்டா கண்ணு. மேல இருக்கறதைக் கழட்டிட்டுப் போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தங்கை முதல் பொத்தானைக் கழற்றினாள். உள்ளேயிருந்து தட்டான், "ஏய், சீக்கிரம் வாடி!" என்று கையை ஆட்டினாள். இரண்டாவது பொத்தானுக்குப் போன தங்கையின் விரல் அங்கேயே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. ஒரு பொத்தான் திறந்தபடியே உள்ளே போய்விட்டாள்.

நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். யாருடைய சட்டைக் கையோ தைக்கப்படாமல் எனக்காகக் காத்திருந்தது. ஆனால் பக்கவாட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். டீச்சர் கரும்பலகையில் பெரிய பூ ஒன்று வரைந்துகொண்டிருந்தார். தங்கை தட்டானின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு மேஜைக்குக் கீழே, பாவாடையை நாலு விரல் அளவுக்கு உயர்த்தினாள். தட்டானின் தலை கீழே போனது, ஜடை மட்டும் மேலே தெரிந்தது. அவள் விரல் ஒவ்வொரு துணியாகத் தொட்டு நின்று நின்று நகர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தங்கை ஏதோ பதில் சொன்னாள். பின் பெஞ்சுக்காரியும் குனிந்தாள். அடுத்த வரிசையிலிருந்து ஒரு பையன் தரையில் தவழ்ந்தே வந்துவிட்டான்.

டீச்சர் சாக்பீஸோடு திரும்பினார். முதல் பெஞ்சில் ஒரு தலையைக்கூடக் காணோம். நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே நிறைந்திருந்த அந்தப் பூவுக்கு இன்னுமோர் இதழ் வரைந்தார். அதற்குப் பிறகு, மெதுவாக, மற்றொன்று.