தாழ்ப்பாள் இல்லாத கதவு

நகரமன்றக் கூடத்தின் பெரிய கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. நாடு பிறப்பதற்கு முந்தைய வருடம், அந்நிய ஆட்சியின் அதிகாரி ஒருவன் அந்தக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தண்ணீருக்கு வரி போட்டான். உள்ளே என்ன முடிவானது என்று கேட்கப் போன பதினோரு பேரைப் படியிலேயே சுட்டுத் தள்ளினார்கள். அதனால்தான் விடுதலைக்குப் பின் கூடிய முதல் மன்றம், வேறெதையும் பேசுமுன் தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தது. மன்றம் கூடும்போதெல்லாம் கதவு திறந்திருக்க வேண்டும் என்று விதியும் எழுதி வைத்தது.

கதவைத் திறந்து வைக்கும் பியூனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். முப்பது வருடத்துக்கு முன், கரையான் அரித்த பழைய நடவடிக்கைப் புத்தகத்தை வெயிலில் காயவைக்கச் சொன்னபோது எழுத்துக்கூட்டிப் படித்தது. அன்றிலிருந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான். மனைவி காதில் போட்டுக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டாள். மகன் அப்படியில்லை. பதினோரு பேரின் பெயரையும் தொழிலையும் சின்ன வயதிலேயே விருந்தாளிகள் முன் ஒப்பித்துக் கைதட்டல் வாங்கியவன். இப்போது தச்சன்.

புதிய தலைவர் வந்த மூன்றாம் மாதம், ஊர்க் குடிநீரைத் தனியார் கம்பெனிக்குக் கொடுப்பது பற்றி மன்றம் கூடியது. கதவைச் சாத்தச் சொன்னார் தலைவர்.

"சாத்தக் கூடாதுங்க ஐயா. விதி இருக்கு" என்றார் பியூன்.

தலைவர் கோபப்படவில்லை. நிதானமாக எழுந்து வராந்தாவுக்கு வந்தார். குழாய் இணைப்புக்கும் சான்றிதழுக்கும் அங்கே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கூடத்துக்கு அறுபது நாற்காலி செய்யும் வேலையைக் கேட்டு வந்திருந்த மகனும் அவர்களில் ஒருவன்.

"இந்தக் கதவு ஏன் தெறந்தே இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. சரியா சொல்லிட்டா நான் சாத்தல. பெரியவர் மட்டும் வாயத் தெறக்கக் கூடாது."

காற்று வருவதற்கு என்றாள் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். பரீட்சைக்குப் படித்ததுதான், மறந்துவிட்டது என்று ஒருவர் தலையைச் சொறிந்தார். பியூன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.

தலைவருக்கு அவன் யார் என்று தெரியும். "உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

பியூனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மகன் ஒரே ஒரு முறை அப்பாவைப் பார்த்தான்.

"தெரியலங்க."

தலைவர் தலையாட்டிக்கொண்டார். தாழ்ப்பாள் போட எவ்வளவு நேரமாகும் என்று அவனிடமே விசாரித்தார். அரைமணி நேரம் என்றான். கீல் தளர்ந்த கதவு துளை போடும்போது ஆடும், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றான். தலைவரின் விரல் பியூன் பக்கம் நீண்டது.

ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. விட்டெறிந்துவிட்டுப் போகலாம் என்று கால் துடித்தது. கைகள் என்னவோ கதவைப் பிடித்துக்கொண்டன. மரத்தூள் அவர் காக்கிச் சட்டையெல்லாம் கொட்டியது.

"கொஞ்சம் அழுத்திப் பிடிங்கப்பா" என்றான் மகன்.

பிறகு கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ் விழும் ஓசை வராந்தாவரை கேட்டது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாற்காலி வேலை மகனுக்கே கிடைத்தது. இரண்டு மாதம் கழித்துக் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு வாரம் ஒருமுறை ஆனது. காலிக் குடங்களோடு பெண்கள் மன்றத்துக்குத் திரண்டு வந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்ற பியூனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பதினோரு பேரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். காற்றுக்கு என்று அன்று பதில் சொன்ன பெண் பாதியிலேயே குறுக்கிட்டாள்.

"எல்லாம் தெரிஞ்ச மனுசன்தானே நீங்க? அப்புறம் எதுக்குக் கதவப் புடிச்சுக் குடுத்தீங்க?"