கூகைக்கு நட்ட மூங்கில்

மார்கழிக் காலையில் பனி விலகுமுன் வரப்பில் நடந்து, கண்ணில் படும் பறவைகளை நோட்டில் குறிப்பது குந்தவையின் வழக்கம். அன்று பதினொரு உள்ளான்களையும் ஒரு பூனைப்பருந்தையும் குறித்துவிட்டு, பக்கத்து வயல்காரர் தங்கையனின் சம்பாப் பயிர் ஓரம் வந்தாள். எலி பிடிக்கும் கூகை வந்து அமர்வதற்காக, குறுக்குக் கட்டை வைத்த மூங்கில் ஒன்றை அவர் அங்கே நட்டிருந்தார். அந்த யோசனையைச் சொன்னவளே குந்தவைதான்.

மூங்கிலின் அடியில் கூகை இறந்து கிடந்தது. காயம் எதுவும் இல்லை. அலகோரம் மட்டும் இரத்தம் கசிந்திருந்தது.

குந்தவைக்குக் காரணம் புரிந்துவிட்டது. கூகையை மட்டும் நம்பியிருக்க மனம் வராமல், நான்கு நாள்களுக்கு முன் தன் வயலில் எலி மருந்து வைத்திருந்தாள். மருந்து தின்ற எலி வரப்பைத் தாண்டிவந்து கூகைக்கு இரையாகியிருக்கிறது.

மண்வெட்டியோடு தங்கையன் வந்தார்.

"என்னம்மா, நம்ம கூகை நோட்டுல ஏறிடுச்சா? சாவுக்குருவிக்கு ஆசனம் போட்ட ஆளுன்னு வீட்டுல என்னைக் கேலி பண்றாங்க."

அவள் விலகி நின்றாள். அவர் குனிந்து பார்த்தார்.

"எவன் மருந்து வச்சானோ."

"நான்தாண்ணே வச்சேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. மண்வெட்டியால் குழி தோண்டிக் கூகையைப் புதைத்தார். பிறகு மூங்கிலைப் பிடித்து அசைக்கத் தொடங்கினார்.

"அது இருக்கட்டும்ண்ணே. வேற கூகை வரும்."

"வரும்மா. உன் வயல்ல இன்னும் மருந்து கிடக்குதே. அதான் புடுங்குறேன்."