முப்பத்திரண்டாவது சென்டிமீட்டர்

இரண்டு லாரி டியூப்களின் மேல் கட்டிய பலகையில் குழாயும் கயிறுமாக உட்கார்ந்திருந்தாள் நித்யஸ்ரீ. வைத்தியலிங்கம் மூங்கிலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். தை மாதப் பனி குளத்தின் மேல் படுத்துக் கிடந்தது. கரையே தெரியாததில், தாங்கள் நகர்கிறோமா குளம் நகர்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் வயலுக்கு அடித்த பூச்சி மருந்தெல்லாம் குளத்தடியில் எந்த வருடம் எவ்வளவு படிந்தது என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து நெடுங்காட்டுக்கு வந்தவள் அவள். "தூர் வாராத இடமா காட்டுங்க ஐயா" என்று கேட்டிருந்தாள். நடுப்பள்ளத்தில் பொக்லைன்கூட இறங்கியதில்லை என்பது அவருக்குத் தெரியும். வேறு இடத்தைக் காட்டி ஏய்த்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தவர், கை தன்பாட்டுக்கு அங்கேயே தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துத் தன்மேலேயே எரிச்சல்பட்டார்.

குளத்தடியில் ஊன்றி எடுத்த குழாயில் ஏறிய கறுப்புச் சேற்றைக் கரையில் வைத்து, மேலிருந்து சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அறுத்துப் பைகளில் போட்டு எண் எழுதினாள். வைத்தியலிங்கத்தின் மனைவி திரிபுரசுந்தரி டீ கொண்டுவந்து வேடிக்கை பார்த்து நின்றாள்.

"எம்பத்திமூணாம் வருசம் எதுல இருக்கும்?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"லேப்ல பாத்தாத்தான் சரியா சொல்ல முடியும். கீழ போகப் போகப் பழைய வருசம். குத்துமதிப்பா முப்பத்திரண்டாம் நம்பர் பைக்குக் கிட்ட இருக்கலாம்."

"யாரு கலந்தாங்கன்னும் தெரிஞ்சிடுமா?"

நித்யஸ்ரீ சிரித்துவிட்டாள். "மண்ணு மருந்தோட பேரத்தான் சொல்லும். ஆள் பேரச் சொல்லாதுங்க ஐயா."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. மண் சொல்லாது என்றால் வேறு யார் சொல்வது?

அந்த வருடக் குறுவையில் அவர் மருந்தடிக்கப் போய்க்கொண்டிருந்தார். மருந்து டேங்கை வடிவாய்க்காலில்தான் கழுவ வேண்டும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. வெயிலில் அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்பட்டு, ஆளில்லாத நேரமாகப் பார்த்து இந்தக் குடிதண்ணீர்த் துறையிலேயே கழுவினார். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். சுந்தரிக்கு அப்போது ஏழு மாதம். அவள் குடம் முக்குவதும் இதே துறையில்தான். பெண் குழந்தை, அழாமலே பிறந்தது; கண்ணைத் திறக்கவேயில்லை. அதனால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதை நினைக்காத நாளில்லை.

"சுந்தரி, டேங்க நான் இங்கதான் கழுவுனேன். நம்ம தொறையில. நீ முழுகாம இருந்தப்ப."

அவள் கையிலிருந்த டம்ளரைப் படியில் வைத்தாள்.

"இப்பத்தான் சொல்லத் தோணுச்சா?" என்றாள். பிறகு நித்யஸ்ரீயிடம் திரும்பி, "பாப்பா, அந்த முப்பத்திரண்ட இங்க குடு."

"பிரிச்சிடாதீங்கம்மா."

"பிரிக்க மாட்டேன்."

கடைசிப் படியில் உட்கார்ந்து, பையை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சேறு சில்லென்று இருந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்து அதைச் சுற்றி மூடினாள்.

வைத்தியலிங்கம் பக்கத்தில் உட்காரப் போனார். கால் பட்டு டம்ளர் படிகளில் உருண்டது.

"சத்தம் போடாதீங்க" என்றாள் சுந்தரி.